பக்கத்தில் நிற்பவன்

அன்றைக்கு ராத்திரி என் வேலை டார்ச் பிடிப்பது. துப்பாக்கி முதுகில் கிடந்தது. தேடுதலுக்குப் போன இடத்தில், ஒரு வீட்டின் பின்புறம் பதுங்கியிருந்த பையனை எங்களில் இரண்டு பேர் இழுத்துக்கொண்டு வந்தார்கள். இருபது வயது இருக்கலாம். கையில் ஒன்றும் இல்லை. சட்டைப் பையைத் துழாவிப் பார்த்தோம், அதிலும் ஒன்றும் இல்லை. கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு மண்டியிடச் சொன்னோம். மண்டியிட்டான். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

எங்கள் பிரிவில் ஒருவன் அவனை பூட்ஸ் காலால் உதைத்தான். அப்புறம் துப்பாக்கிக் கட்டையால் தோளில் ஒன்று. "மத்தவனுங்க எங்கடா?" என்று கேட்டுக்கேட்டு அடித்தான். பையனுக்குக் கேள்வி புரிந்த மாதிரியே தெரியவில்லை. அவன் முகத்தில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு நான் நின்றேன்.

அடித்தவன் கெட்டவன் இல்லை. இதை அவனுக்கு வக்காலத்து வாங்குவதற்காகச் சொல்லவில்லை. நடந்தது அப்படித்தான் என்பதற்காகச் சொல்கிறேன். அதற்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் ஆள் ஒருவன் கண்ணிவெடியில் போய்ச் சேர்ந்திருந்தான். அவனுடைய துணிமணிகளை மடித்து, பெட்டியில் அடுக்கி, வீட்டுக்கு அனுப்பிவைத்தது இவன்தான். எனக்குக் காய்ச்சல் கண்டபோது இரண்டு ராத்திரி எனக்குப் பதிலாகக் காவல் நின்றவனும் இவன்தான். அந்தக் கையும் இந்தக் கையும் ஒரே கை என்பதை என் மூளை ஏற்க மறுத்தது. வாய் திறக்கவில்லை.

நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ விழுந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "போதும்டா. விடு."

எங்களிலேயே குறைவாகப் பேசுகிற ஒரு சீனியர். பதவி உயர்வு இல்லாமல் ஓரமாகவே கிடந்தவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வந்தார், பையனுக்கும் அடிப்பவனுக்கும் நடுவில் நின்றார். கத்தவில்லை, சட்டம் பேசவில்லை. சும்மா நின்றார். அடித்தவன் அவரை இரண்டு விநாடி முறைத்துவிட்டுக் காறித் துப்பிவிட்டு நகர்ந்தான். பையனை எழுப்பி மேலதிகாரியிடம் ஒப்படைத்தோம். மறுநாள் அவனை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த மூன்று வாரம் யாரும் அண்ணனிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும். எழுந்து போன பிறகு தொடரும். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். பதினாறு வருஷமாக என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்த அடிகளைக்கூட விட இந்த மூன்று வாரம்தான்.

*

கடமைக்கும் மனசாட்சிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சிப்பாய் என்று சொன்னதுமே நம் மனசில் ஒரு படம் வந்துவிடுகிறது. மேலே ஒரு கொடூரமான அதிகாரி. கீழே விறைப்பாக நிற்கும் ஒரு நல்லவன். "சுடு" என்கிறான் ஒருவன், "மாட்டேன்" என்கிறான் மற்றவன். இப்படி நடந்ததே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ராத்திரி எங்களுக்கு யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. அடி என்றும் சொல்லவில்லை, அடிக்காதே என்றும் சொல்லவில்லை. என் வாயைக் கட்டியது மேலே இருந்தவர் இல்லை. எனக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் நின்றவர்கள்.

ராணுவத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தக் கட்டு போடப்பட்டுவிடுகிறது. ஒருவன் தப்பு செய்தால் மொத்தப் பேருக்கும் தண்டனை. ஒருவன் பின்தங்கினால் எல்லோரும் திரும்பப் போய் அவனைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கால்கள் ஒரே சத்தமாக விழும் வரை நடக்க வேண்டும். இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. குண்டு பறக்கிற இடத்தில் ஒருவனை எழுந்து ஓடவைப்பது நாடு, கொடி என்கிற பெரிய வார்த்தைகள் இல்லை. பக்கத்தில் கிடப்பவன் என்னை நம்பி இருக்கிறான் என்கிற ஒற்றை நினைப்புதான். அந்த நினைப்பு பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. என் உயிரையும்.

அதே நினைப்புதான் என் கையில் டார்ச்சைக் கொடுத்து ஆடாமல் பிடிக்கவைத்தது.

*

1942 ஜூலை 13. போலந்தில் யூசெஃபூவ் என்ற சிறு நகரம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட 101ஆவது ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் அங்கே போய் இறங்கியது. ஏறத்தாழ 500 பேர். பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்கள், குடும்பஸ்தர்கள். நாஜி வெறியர்களாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் இல்லை. முன்வரிசைச் சண்டைக்கு வயது கடந்தவர்கள் என்பதாலேயே இந்த வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் மேஜர் வில்ஹெல்ம் டிராப். அந்த ஊரின் யூதர்களில் வேலை செய்யத் தகுந்த ஆண்களைப் பிரித்தெடுத்துவிட்டு, பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சுட்டுக் கொல்ல வேண்டும் என்பது அவருக்கு வந்த உத்தரவு.

டிராப் கண்ணில் நீரோடு ஆட்கள் முன்னால் நின்றார். உத்தரவைச் சொன்னார். சொல்லிவிட்டு, இதைச் செய்ய முடியாது என்று நினைக்கும் மூத்தவர்கள் முன்னால் வரலாம் என்றார். கதவு திறந்தே இருந்தது. வெளியே போனால் தண்டனை இல்லை. முதலில் ஒருவன் முன்னால் வந்தான். அவனைப் பார்த்து இன்னும் சிலர். மொத்தம் ஒரு டஜன் பேர். மற்றவர்கள் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் 1,500 பேரளவில் கொன்றார்கள்.

எனக்கு இதில் தாங்க முடியாதது பிறகு வந்த விசாரணையில் தெரிந்த ஒரு விஷயம். விலகிக்கொண்டவர்களில் பலர் தங்களை நல்லவர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. "எனக்கு மனத்திடம் போதாது" என்ற தொனியில்தான் ஒதுங்கினார்கள். ஏன் அப்படி? "இது பாவம், நான் செய்ய மாட்டேன்" என்று ஒருவன் சொன்னால், செய்கிற அத்தனை பேரையும் பாவிகள் என்று அவன் சொன்னதாகிவிடும். "நான் பலவீனமானவன்" என்று சொன்னால் நண்பர்கள் மன்னித்துவிடுவார்கள். விலகும்போதும் உடன் இருந்தவர்களின் மனசு புண்படாமல் விலகப் பார்த்திருக்கிறார்கள். சுட்டவர்களில் பலரும் அதே காரணத்துக்காகத்தான் சுட்டார்கள்: இந்த அசிங்கமான வேலையைக் கூட இருப்பவன் தலையில் கட்டிவிட்டு நான் மட்டும் எப்படி ஒதுங்குவது?

இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அவர்களுக்கும் ஒப்பிட எதுவும் இல்லை, நான் யாரையும் கொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கூச்சத்தை எனக்குத் தெரியும். அதன் ருசி எனக்குத் தெரியும்.

*

இன்னொரு காலை. 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய். அமெரிக்க ராணுவத்தின் சார்லி கம்பெனி அந்தச் சிற்றூருக்குள் நுழைந்து, எதிர்த்து ஒரு குண்டுகூட வராத நிலையில் பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் கொன்றுகொண்டிருந்தது. அமெரிக்கக் கணக்கில் 347 பேர். வியட்நாமின் நினைவகத்தில் 504 பெயர்கள்.

மேலே ஒரு சிறிய ஹெலிகாப்டர். ஓட்டியவர் ஹ்யூ தாம்ப்சன், வயது 24. உடன் இரண்டு பேர்: க்ளென் ஆண்ட்ரியோட்டாவுக்கு 20, லாரன்ஸ் கொல்பர்னுக்கு 18. எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர்களுடைய வேலை. எதிரியைக் காணவில்லை. வயலிலும் பாதையிலும் உடல்கள் கிடந்தன. காயப்பட்டுக் கிடந்தவர்களுக்கு உதவி வரட்டும் என்று தாம்ப்சன் பச்சைப் புகைக்குண்டு போட்டு இடத்தை அடையாளம் காட்டினார். தரையில் இருந்தவர்கள் வந்து, அடையாளம் காட்டப்பட்டவர்களைச் சுட்டார்கள். இது அவர் கண்ணெதிரே நடந்தது.

உடனே அவர் பெரிய வீரனாகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் அவருக்குப் புரியவில்லை. பீரங்கியில் செத்திருப்பார்களோ என்று காரணம் தேடினார். இறங்கிப் போய்க் கேட்டார், பதில் கேட்டுத் திரும்பினார், மறுபடியும் பறந்தார். நம்ப மறுக்கும் மனசு தன்னால் முடிந்த சாக்கையெல்லாம் தேடிப் பார்த்துத் தோற்ற பிறகுதான் அவர் முடிவுக்கு வந்தார். பதுங்குகுழி ஒன்றில் சில கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் ஒளிந்திருந்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். தாம்ப்சன் இரண்டு தரப்புக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். தன் ஆட்கள் இருவரிடமும், நான் இவர்களை வெளியே கொண்டுவரும்போது நம்மவர்கள் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்றார்.

இந்த இடத்தில் எல்லோரும் தாம்ப்சனைப் பார்க்கிறார்கள். நான் கொல்பர்னையும் ஆண்ட்ரியோட்டாவையும் பார்க்கிறேன். ஒருவன் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எத்தனை நாள் ஆகியிருக்கும்? சொந்த நாட்டுச் சிப்பாய்களுக்கு எதிராக நில் என்கிறார் தன் மேலதிகாரி. அவர்கள் "என்ன சார் சொல்றீங்க?" என்று ஒரு நொடி இழுத்திருந்தால் தாம்ப்சனால் ஆயுதம் ஏந்தாமல் அந்தக் குழிக்கு நடந்து போயிருக்க முடியுமா? அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். பத்துப் பேரளவில் வெளியே வந்தார்கள். தாம்ப்சன் ரேடியோவில் கூப்பிட்டதும் உடன் பறந்துகொண்டிருந்த வேறொரு பெரிய ஹெலிகாப்டர் இறங்கி அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அப்படியென்றால் அந்த விமானிகளும் உண்டு. ஒருவன் நின்றதும் நிற்கத் தயாராக இன்னும் நாலு பேர் வானத்தில் இருந்திருக்கிறார்கள்.

பிறகு உடல்கள் நிறைந்த பள்ளத்தில் ஏதோ அசைவது தெரிந்தது. ஆண்ட்ரியோட்டா அதில் இறங்கி, பிணங்களுக்கு நடுவே நடந்து, உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் அதற்கு மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 8ஆம் தேதி, சண்டையில் இறந்துபோனார். தளத்துக்குத் திரும்பிய தாம்ப்சன் கோபத்தோடு மேலிடத்தில் சொன்ன பிறகே கொலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது.

அதற்கு அவருக்குக் கிடைத்ததென்ன? முதலில் பொய் விவரம் எழுதிய ஒரு பதக்கம். அதை அவர் தூக்கி எறிந்தார். விஷயம் வெளியே வந்ததும் கொலை மிரட்டல்கள், வீட்டு வாசலில் செத்த பிராணிகள். மெண்டல் ரிவர்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், இதில் தண்டிக்கப்பட வேண்டிய ஒரே ஆள் தாம்ப்சன்தான் என்ற பொருளில் பேசினார். அதிகாரிகள் சாப்பிடும் இடத்துக்குள் அவர் நுழைந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். கொன்றவர்களில் வில்லியம் கேலி ஒருவர்தான் தண்டனை பெற்றார். ஆயுள் தண்டனை, பெரும்பாலும் வீட்டுக்காவலாகவே சில ஆண்டுகளில் முடிந்தது. தாம்ப்சனுக்கும் மற்ற இருவருக்கும் உரிய பதக்கம் வர 1998 ஆகிவிட்டது. முப்பது வருஷம். ஆண்ட்ரியோட்டாவின் பதக்கத்தை வாங்க அவர் இல்லை. 2006 ஜனவரியில் தாம்ப்சன் இறக்கும்போது படுக்கையருகில் கொல்பர்ன் இருந்தார்.

அவர் நுழைந்ததும் எழுந்து போனவர்கள் என்று எழுதும்போது என் கை நிற்கிறது. அவர்களும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

*

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனை பலருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கச் சொல்வார்கள். அதிர்ச்சி போலி, கொடுப்பவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். மனிதன் அதிகாரத்துக்குப் பணிந்துவிடுவான் என்பதற்கு இதை எங்கே பார்த்தாலும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதே சோதனையை அவர் இன்னொரு விதமாகவும் செய்தார். இம்முறை பக்கத்தில் இரண்டு பேர் கூட உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவிலேயே "எங்களால் முடியாது" என்று எழுந்துவிடும்படி ஏற்பாடு. அப்போது 40 பேரில் கடைசி வரை போனவர்கள் 4 பேர் மட்டுமே.

26 எங்கே, 4 எங்கே. கட்டளையிட்ட குரல் அதேதான். மனிதர்களும் அதே மாதிரியானவர்கள்தான். பக்கத்து நாற்காலி மட்டும் மாறியிருந்தது.

*

கீழ்ப்படிதல் கெட்டது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த விஷயத்தில் மிகக் கடினமான கேள்வியைக் கேட்டவர் ஒரு ராணுவ அதிகாரி இல்லை. காந்தி.

1930, உப்புச் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்த நேரம். ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில், எல்லை காந்தி என்று அழைக்கப்பட்ட கான் அப்துல் கஃபார் கானும் உடனிருந்தவர்களும் கைதானதை எதிர்த்து ஆயுதம் இல்லாத மக்கள் திரண்டார்கள். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்தன; துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். மக்களை அடக்க அனுப்பப்பட்ட ராயல் கர்வால் ரைபிள்ஸ் படையில் இரண்டு பிளட்டூன்கள் அந்த வேலைக்கு மறுத்தன. எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், இவர்கள் இந்துக்கள். அந்த வேற்றுமையை நம்பித்தான் வெள்ளையர்கள் இவர்களை அங்கே நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். முன்னால் நின்றவர் ஹவில்தார் சந்திர சிங். யார் மீதும் அவர்கள் துப்பாக்கியைத் திருப்பவில்லை. சுட மறுத்தார்கள், கோர்ட் மார்ஷலை ஏற்றார்கள். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை, சொத்து பறிமுதல். 1941இல்தான் வெளியே வந்தார்.

நாடே அவர்களைக் கொண்டாடியது. ஆனால் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேட்டபோது காந்தி அவர்களைப் பாராட்டவில்லை. சுட மறுக்கும் சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை உடைக்கிறான். நாளை ஆட்சி எங்கள் கைக்கு வந்தால் இதே சிப்பாய்களைக் கொண்டுதானே நாங்களும் நடத்த வேண்டும், இன்று கீழ்ப்படியாதே என்று சொல்லிக்கொடுத்தால் நாளை எங்களுக்கும் அதையே செய்வார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார். அகிம்சையின் தந்தை, சுட மறுத்தவனைக் குறை சொல்கிறார்! முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் பயப்பட்டது நியாயமான பயம். தனக்குப் பிடித்த உத்தரவை மட்டும் ஏற்கும் ராணுவம் ராணுவம் இல்லை. ஆயுதம் வைத்திருக்கும் கூட்டம். அப்படிப்பட்ட கூட்டங்கள் ஆட்சியைக் கவிழ்த்த நாடுகளின் கதி என்ன என்று நமக்குத் தெரியும்.

ஆனாலும் நான் சந்திர சிங் பக்கம்தான். ஆயுதம் இல்லாதவனைச் சுடு என்று சொல்லும் அதிகாரம் எந்த உறுதிமொழிக்குள்ளும் அடங்காது. மறுத்தவன் தண்டனைக்குத் தலையைக் கொடுத்துவிட்டு நிற்கிறான், ஆட்சியைப் பிடிக்க ஓடவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் அது கலகம் ஆகாது. சட்டமும் பின்னால் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தது. நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணையை ஒட்டி 1950இல் வகுக்கப்பட்ட கோட்பாடுகளில் ஒன்று, மேலிடத்து உத்தரவு என்பது ஒருவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்கிறது; ஆனால் வேறு வழியைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போடுகிறது. ஜெர்மனியின் இன்றைய படைச்சட்டமோ குற்றமாகும் உத்தரவுக்குச் சிப்பாய் கீழ்ப்படியவே கூடாது என்கிறது.

இஸ்ரேலில் 1956 அக்டோபர் 29ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். திடீரென்று ஊரடங்கு நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டு, அது தெரியாமல் வயலிலிருந்து வீடு திரும்பிய அரபு மக்களைக் கஃபர் காசிம் கிராமத்தில் எல்லைக் காவலர்கள் சுட்டார்கள். சுமார் 50 பேர் இறந்தார்கள். அதே உத்தரவு பக்கத்துக் கிராமங்களுக்கும் போயிருந்தது. அங்கே இருந்த அதிகாரிகள் சிலர் திரும்பி வந்தவர்களை வீட்டுக்குப் போகவிட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிமன்றம், வெளிப்படையாகவே சட்டவிரோதமான உத்தரவின் மேல் ஒரு கறுப்புக் கொடி பறக்கும் என்று எழுதியது. சட்டப் புத்தகத்தைப் புரட்டித் தேட வேண்டியதில்லை, கண்ணில் படும் என்று அர்த்தம். அழகான உருவகம்தான். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கொடியைப் பார்த்தேன் என்று முதலில் சொல்வது யார்?

*

கூட இருப்பவர்களை விட முடியாத இந்தக் கட்டுக்குத் தமிழில் ஒரு வார்த்தை இருக்கிறது. செஞ்சோற்றுக் கடன். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுப்பது. கர்ணனைச் சொல்வோம், கும்பகர்ணனைச் சொல்வோம். கும்பகர்ணனுக்கு அண்ணன் செய்தது தப்பு என்று தெரியும். சபையில் முகத்துக்கு நேரே சொன்னான். சொன்ன பிறகும் அண்ணனுக்காகப் போருக்குப் போய்ச் செத்தான். அவனுக்காக நாம் கண்ணீர் விடுகிறோம். அதே அண்ணனிடம் அதே நியாயத்தைச் சொல்லிவிட்டு விலகிப் போனவன் விபீஷணன். அவன் பெயரை இன்றைக்கும் வசவாகத்தான் பயன்படுத்துகிறோம். கூட இருந்து செத்தவன் பெரியவன், விலகிப் போனவன் காட்டிக்கொடுத்தவன். இந்தப் பாடம் சீருடை போடுவதற்கு வெகுகாலம் முன்பே எனக்குள் ஏறிவிட்டிருந்தது. எனக்குக் கும்பகர்ணன் மேல் இன்றும் பாசம் உண்டு. ஆனால் எங்கள் பிரிவு அண்ணன் நடுவில் வந்து நின்ற அந்த ராத்திரியை நினைக்கும்போது, விபீஷணனுக்கு நாம் நியாயம் செய்யவே இல்லை என்று தோன்றுகிறது.

தனியாகவே நின்றவர்களும் உண்டு. ஆஸ்திரியாவின் விவசாயி ஃப்ரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் ஹிட்லருக்காக ஆயுதம் ஏந்த மாட்டேன் என்றார். மருத்துவ உதவியாளராக வேண்டுமானால் வருகிறேன் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்று பெண் குழந்தைகள். ஊர்க்காரர்களும், அவர் யோசனை கேட்ட பிஷப்பும்கூட, குடும்பத்தை நினை என்றார்கள். 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலையை வெட்டினார்கள். வயது 36. போர் முடிந்த பிறகும் மனைவி ஃப்ரான்சிஸ்காவுக்கு விதவை உதவித்தொகை தர மறுத்தார்கள், சில ஆண்டுகள். கணவனைத் தடுக்காதவள் என்று ஊரும் அவரைத்தான் குறை சொன்னது. 2007இல் யேகர்ஸ்டேட்டரை அருளாளராகத் திருச்சபை அறிவித்தபோது ஃப்ரான்சிஸ்கா உயிரோடு இருந்தார். இவரைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதவில்லை. இப்படி ஒருவர் இருந்தார் என்று சொல்லத்தான் முடிகிறது; இதை எல்லோரிடமும் எதிர்பார்ப்பது அநியாயம்.

அமெரிக்கச் சிப்பாய் ஜோ டார்பியின் கதைதான் எனக்குப் பக்கத்தில் வருகிறது. 2004 ஜனவரியில், இராக்கின் அபு கிரைப் சிறையில், கைதிகளைச் சித்திரவதை செய்து எடுத்த படங்களை அவர் விசாரணைப் பிரிவிடம் கொடுத்தார். படத்தில் சிரித்துக்கொண்டு நின்றவர்கள் அவருடன் வேலை பார்த்தவர்கள், பழகியவர்கள். பெயரை வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். சில மாதம் கழித்து பாதுகாப்பு அமைச்சரே தொலைக்காட்சியில் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். நூற்றுக்கணக்கான சிப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது டார்பி அதைக் கேட்டார். சொந்த ஊருக்கு அவரால் திரும்பிப் போய் வாழ முடியவில்லை.

வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் சிகிச்சை தந்த மனநல மருத்துவர்கள், பயத்தால் வரும் காயம் வேறு, தன் அறத்துக்கு எதிராகத் தானே நடந்ததால் வரும் காயம் வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள். அறக்காயம் என்று சொல்லலாம். செய்ததால் மட்டும் வருவதில்லை அது. பார்த்துக்கொண்டு நின்றதாலும் வரும்.

*

போன வருஷம் அண்ணனுடைய நம்பர் கிடைத்தது. வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கூப்பிடவில்லை. ஒரு நாள் கூப்பிட்டேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். வேலை, பிள்ளைகள், முழங்கால் வலி என்று கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு நான் அந்த ராத்திரியைப் பற்றி ஆரம்பித்தேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் ஒண்ணுமே சொல்லல. அப்புறமும் உங்ககிட்ட பேசாம இருந்தேன். மன்னிச்சிருங்கண்ணே."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எனக்கும் தைரியம் இல்ல தம்பி," என்றார். "ரெண்டு மூணு அடி விழுற வரைக்கும் நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். நீ டார்ச்ச கீழ எறக்கினே பாரு. அந்தப் பையன் மூஞ்சியிலேர்ந்து தரைக்கு. அப்பதான் சரி, இவனுக்கும் இது புடிக்கலன்னு எனக்குத் தோணுச்சு. அதுக்கப்புறம்தான் வாய் வந்துச்சு."

நான் டார்ச்சை இறக்கினேனா? எத்தனையோ தடவை அந்த ராத்திரியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் பையனின் முகத்தில்தான் இருக்கிறது. ஒரு கண் வீங்கியிருக்கிறது, மற்றது கூசிச் சுருங்கியிருக்கிறது. கை வலித்து இறக்கினேனா, பார்க்கச் சகிக்காமல் இறக்கினேனா, அல்லது என் மனசு ஆறட்டும் என்று அண்ணன் இதைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. கேட்டேன்.

"நெசமாண்ணே?"

"உன்கிட்ட நான் எதுக்குடா பொய் சொல்லப்போறேன்," என்றார். பிறகு, அடித்தவன் இப்போது எங்கே இருக்கிறான் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவனும் போன மாசம் கூப்பிட்டான் என்றார்.